நாலு கிண்ணங்களில் முதலாவது

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டொக்டர் படி ஏற வேண்டாம் என்றால் ஏறாதே. கண்டி நித்தவளை றக்பி மைதானம் எங்கேயும் ஓடிப் போகாது. கடிதத்தின் அடியில் தங்கச்சி எழுதியிருந்த நாலு வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாசிச் சம்பல் அனுப்ப வேண்டாம் என்று சொல். இங்கே கிடைக்கிறது, அவளுடைய கைப்பக்குவம்தான் கிடைக்காது.

இங்கே லீட்ஸில் எல்லோரும் சுகம். பேத்திக்குப் பதினொரு வயதாகிவிட்டது. றக்பி லீக், அதாவது பதின்மூன்று பேர் ஆடுகிற றக்பி, விளையாடுகிறாள். சனிக்கிழமை காலையில் கையில் தேநீர்க் குடுவையோடு சேற்று மைதானத்தின் ஓரத்தில் நிற்பதுதான் இப்போது என் வேலை. "அங்கே விளையாடுவது நம்முடைய றக்பி இல்லையாமே, பிறகு அதில் என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். பிராட்பி கேடயத்துக்காகக் கண்டித் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பதினைந்து பேர் றக்பியில் மோதுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நீ, அப்படிக் கேட்பது நியாயம்தான். ஒரே ஒரு பருவத்தைச் சொல்லி உனக்குப் பதில் எழுதப் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக அதுவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொழும்பில் நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருதானை ரயில் யார்டில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு திரிந்த அந்த வை வகுப்பு எஞ்சின்கள் நினைவிருக்கிறதா? அதில் பதித்திருந்த தகட்டில் ஹன்ஸ்லெட், லீட்ஸ் என்று நீ எழுத்துக்கூட்டி வாசித்தாய். அந்த ஹன்ஸ்லெட் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு காலத்தில் எஞ்சின் கட்டியே உயிர் வாழ்ந்த பகுதி. தெரு முழுக்கக் கரி, வீட்டுக்கு ஒரு இரும்பு வேலைக்காரன். நான் சொல்ல வந்த பருவம் அந்த ஆட்களின் ஹன்ஸ்லெட் றக்பிக் கழகத்துடையது. 1907-08.

லீக் பிறந்த கதையே சம்பளத்தின் கதைதான். சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதற்கு ஆறு ஷில்லிங் ஈடு கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் வடக்குக் கழகங்கள் கேட்டன. தெற்கிலிருந்த பெரிய மனிதர்கள் மறுத்தார்கள். 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி, வடக்கு ஒன்றியம் என்று தனியாகப் பிரிந்துவிட்டார்கள். பிறகு விளையாட்டையே தங்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். முதலில் லைன்-அவுட்டை, அதாவது வெளியே போன பந்தை இரண்டு வரிசைக்கு நடுவில் எறிகிற முறையை, எடுத்தார்கள். 1906இல் பதினைந்து பேரைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். பிடிபட்டவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடர்கிற முறையும் அப்போதுதான் வந்தது.

இன்றைக்கு ஆறு தரம் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அந்தக் காலத்தில் அந்தக் கணக்கு இல்லை. பந்தைத் தவறவிடாத வரைக்கும் அது உன்னுடையதுதான். முன்வரிசை ஆறு பேரும் கல்லுப் போல இருந்தால் எதிரணி பந்தைக் கண்ணாலும் காணாது. ஹன்ஸ்லெட்டின் முன்வரிசைக்கு 'பயங்கர அறுவர்' என்றே பெயர். வோல்ஷ், வில்சன், ராண்டல், புரூக்ஸ், ஸ்மேல்ஸ், ஜூக்ஸ். பின்னால் பில்லி பாட்டன் என்று பதினெட்டு வயதுப் பொடியன். பிடிக்க வருகிறவனின் தலைக்கு மேலாகவே பாய்ந்து தாண்டுவானாம். தலைவன் அல்பர்ட் கோல்ட்தோர்ப்புக்கு அப்போது முப்பத்தாறு வயது. வேகம் போயிருக்கும் வயது, ஆனால் கால் குறி தப்பவில்லை. ஒரே பருவத்தில் நூறு கோலைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான், அதுவும் இதே பருவத்தில்.

அந்த நாட்களில் வெல்வதற்கு நாலு இருந்தன. யோர்க்‌ஷயர் கிண்ணம், யோர்க்‌ஷயர் லீக், எல்லோருக்கும் பொதுவான சலெஞ்ச் கப், கடைசியில் சம்பியன் பட்டம். நான் உனக்குச் சொல்ல விரும்புவது முதலாவதைப் பற்றி. அது எங்கள் யோர்க்ஷயர் மாகாணத்துக் கழகங்கள் மட்டும் மோதுகிற கிண்ணம், தோற்றால் அன்றோடு வீடு. மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயருக்கும் இதே மாதிரி ஒன்று. இரண்டும் 1905இல் தொடங்கின. ட்ராமிலோ ரயிலிலோ ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தோற்றால் திங்கட்கிழமை வேலைத்தலத்தில் பக்கத்தில் நிற்கிறவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். சலெஞ்ச் கப் பெரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரனை வெல்வது என்பது வேறு, மச்சான். கண்டிக்காரன் உனக்கு அதை விளக்க வேண்டுமா?

1907 டிசெம்பர் 21, கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை. இறுதி ஆட்டம் ஹெடிங்லியில். ஹெடிங்லி யாருடைய மைதானம்? நகரத்தின் வடக்கே, வசதியான பக்கத்திலிருக்கும் லீட்ஸ் கழகத்துடையது. கரிபிடித்த தெற்குக்காரர்கள் ஆற்றைத் தாண்டி அங்கே போய், ஹலிஃபக்ஸை 17-0 என்று வென்றார்கள். எதிரிக்கு ஒரு புள்ளிகூட விடவில்லை. முதல் வருட இறுதியாட்டத்திலும் ஹன்ஸ்லெட்டிடம் தோற்றது இதே ஹலிஃபக்ஸ்தான், அப்போது 13-3. அன்று மாலை பாலத்தைத் தாண்டித் தெற்கே திரும்பி வந்த கூட்டத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். இன்னும் மூன்று வரப்போகிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கையில் ஒரு கிண்ணம், மறுநாள் ஞாயிறு, அதற்குள் நத்தார். அவ்வளவுதான்.

மற்றது வேகமாகச் சொல்கிறேன். யோர்க்‌ஷயர் லீக்கும் கைக்கு வந்தது. ஏப்ரல் 25ஆம் திகதி, வசந்த காலத்தின் நடுவில் பனி கொட்டக் கொட்ட, ஹடர்ஸ்ஃபீல்டில் ஹல் கழகத்தை 14-0 என்று வென்று சலெஞ்ச் கப்பை எடுத்தார்கள். கடைசியில் சம்பியன் பட்டத்துக்கு எதிரே நின்றது ஓல்டம். அவர்கள் சும்மா வரவில்லை, லங்காஷயர் கிண்ணத்தை அந்தப் பருவம் எடுத்தவர்கள் அவர்கள்தான். புள்ளிப் பட்டியலிலும் முதலிடம், ஹன்ஸ்லெட் இரண்டாவது. முதல் ஆட்டம் 7-7. வேக்ஃபீல்டில் மறுபடி ஆடி ஹன்ஸ்லெட் 12-2. நாலும் ஒரே வீட்டுக்கு!

அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. பிறகும் இரண்டே இரண்டு கழகங்கள்தான், 1914-15இல் ஹடர்ஸ்ஃபீல்ட், 1927-28இல் ஸ்விண்டன். இனி யாராலும் முடியாது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஆள் இல்லாமல் அல்ல, கிண்ணம் இல்லாமல். மாகாண லீக்குகள் 1970இல் நின்றன. பெரிய கழகங்கள் ஆட்டங்கள் கூடிவிட்டன என்று முறையிட, இரண்டு மாகாணக் கிண்ணங்களும் 1992 ஒக்ரோபர் இறுதியாட்டங்களோடு முடிந்தன. லங்காஷயரில் விகன் சென் ஹெலன்ஸை 5-4 என்று வென்றது, இங்கே யோர்க்ஷயரில் வேக்ஃபீல்ட் ஷெஃபீல்டை வென்றது. எண்பத்தேழு வருடம் நடந்த ஒன்று. வீரர்களின் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் வெட்ட வேண்டிய இடம் அதுவா? சின்னக் கழகம் பெரிய கழகத்தைத் தன் மைதானத்துக்கு வரவழைத்து முகத்துக்கு முகம் பார்க்கிற வழி அதில்தான் இருந்தது. ஹன்ஸ்லெட்டே 1962இல் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 12-2 என்று வென்று மூன்றாவது தரமும் அதைத் தூக்கியது. மூன்று வருடம் கழித்து வெம்ப்ளியில் சலெஞ்ச் கப் இறுதியாட்டத்தில் விகனுக்கு எதிராக நின்றது. தோற்றது, ஆனால் 20-16. வெறும் நாலு புள்ளி.

அப்படிப்பட்ட கழகத்தின் பார்க்ஸைட் மைதானம் 1973இல் விலைபோய்விட்டது. பழைய கழகமும் அத்தோடு கலைந்தது. பிடிவாதக்காரர்கள் சிலர் புதிதாகத் தொடங்கி, நாய் ஓட்டப் பந்தய மைதானமொன்றில் விளையாடிக் காலம் தள்ளி, இன்றைக்குத் தெற்கு லீட்ஸ் மைதானம் வரைக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கீழ்ப்பிரிவில்தான் ஆடுகிறார்கள். நான் போகிறேன். போன மாதம் பேத்தியையும் கூட்டிப் போனேன்.

திரும்பி வரும்போது பார்க்ஸைட் இருந்த இடத்தைக் காட்டினேன். இப்போது அங்கே களஞ்சியக் கட்டடங்களும் லொறிகளும். கோல்ட்தோர்ப் உதைத்த இடம் எது என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் பாதையோரத்தில் ஒரு இடத்தைத் தானே தெரிவு செய்து, இல்லாத பந்தை வைத்து, மூன்று அடி பின்னால் போய் ஓங்கி உதைத்தாள். லொறி ஓட்டுநர் ஒருவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார்.

நான் பார்ப்பது இதைத்தான், மச்சான்.

உனக்கு இரண்டு வேலை. ஒன்று, மருமகன் இன்னும் ரயில்வேயில்தானே இருக்கிறான்? அந்த எஞ்சின்களில் ஏதாவது மிஞ்சியிருந்தால் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல், பேத்திக்குக் காட்ட வேண்டும். இரண்டு, வருகிற வருடம் கண்டியில் பிராட்பி ஆட்டம் எந்தத் திகதி என்று தெரிந்ததும் எழுது. விமான டிக்கெட்டை அதற்கு ஏற்றபடி எடுக்கிறேன். அதற்குள் உன் முழங்காலும் படி ஏறப் பழகிவிடும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்