வெள்ளையாகத் தெரிவதெல்லாம் எலும்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எலும்பு இழந்த இடத்தில் செயற்கைச் சாரம், அதாவது எலும்பு உள்ளே ஏறி வளரத் துளைகள் கொண்ட தாங்கி, பொருத்துவது பற்றிய கட்டுரையில் ஒரு எக்ஸ்ரே படம் போட்டு, மூன்று மாதத்தில் எலும்பு நிரம்பிவிட்டதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த ஒரு படத்தை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

அந்தச் சாரம் கால்சியம் பாஸ்பேட் பீங்கான். எலும்பின் தாதுவும் கால்சியம் பாஸ்பேட்தான். ஒரு எலும்பு செல்கூட உள்ளே நுழையாத முதல் நாளிலேயே அது படத்தில் வெள்ளையாகத்தான் விழும்.

சிடி எடுத்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. சாரத்தின் துளைகள் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மி.மீ. வரைதான். மருத்துவமனை சிடி பிரித்துக் காட்டக்கூடிய அளவும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் துளைச் சுவரும் உள்ளே வளர்ந்த எலும்பும் கலந்து ஒரே சராசரி அடர்த்தி எண்ணாகிவிடுகின்றன (சிடி ஒவ்வொரு புள்ளிக்கும் தரும் எண் இது; அடர்த்தி கூடினால் எண்ணும் கூடும்). ஆய்வகத்து மைக்ரோ சிடியில் எலியின் எலும்பைத் துளை துளையாகப் பார்க்கிறோமே, அந்தத் தெளிவு நோயாளிக்குக் கிடைக்காது.

சாரம் எந்தப் பொருள் என்று ஸ்கேன் சீட்டிலேயே எழுத வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கால்சியம் பாஸ்பேட்டிலேயே வகைகள் உண்டு. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் மாதக்கணக்கில் கரையும். அதில் அடர்த்தி எண் இறங்கினால் தோல்வி என்று பதற வேண்டாம், சாரம் கரைவதாக இருக்கலாம். இன்னொரு வகையான ஹைட்ராக்சிஅபடைட் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதில் எண் மாறாதிருப்பது வெற்றிக்குச் சான்றாகாது. பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கால் மட்டும் ஆன சாரம் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழுவதில்லை. அங்கே புதிதாகப் படியும் வெண்மையை ஓரளவு நம்பலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அறுவை முடிந்த சில நாட்களுக்குள் பின்னால் ஒப்பிட ஒரு அடிப்படை சிடி வேண்டும். 6, 12 மாதங்களில் எடுப்பவை அதே இயந்திரத்தில், அதே கிலோவோல்ட்டில் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்), படத்தின் ஒவ்வொரு வெட்டும் அதே தடிமனில் இருக்க வேண்டும். முதலில் 120 கிலோவோல்ட்டில் எடுத்துவிட்டு அடுத்து 80இல் எடுத்தால் கால்சியத்தின் எண் தானாக ஏறும். வளராத எலும்பு வளர்ந்ததாகத் தோன்றும். எலும்பைப் பிணைக்க வைத்த டைட்டானியம் தகட்டை ஒட்டிக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பாயும் இடத்தில் அளக்கவே கூடாது. தாடைக்குப் பல் மருத்துவர்கள் எடுக்கும் கோன் பீம் சிடியின் (கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் சிடி) சாம்பல் நிற எண்களையும் ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் ஒப்பிட முடியாது.

கண் முதலில் போக வேண்டியது விளிம்புக்கு. எலும்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் உள்ளே ஏறுகிறது. சொந்த எலும்புக்கும் சாரத்துக்கும் நடுவே கருங்கோடு ஒன்று இருந்து, அடுத்தடுத்த படங்களில் அது அகன்றால் இணைப்பு பிடிக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும், நடுவில் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும்.

அதே நோயாளியின் முதல் வாரப் படம் கிடைத்தால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அடுத்த இதழில் அச்சிடுங்கள்.

– கதிரியக்கவியல் மருத்துவர், மதுரை