ஓடிபி சொன்னீங்களா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் கார்டு மோசடி பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் ஓடிபியே வராமல் என் கிரெடிட் கார்டில் நாற்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. அந்தக் கதையையும் வாசகர்கள் கேட்கட்டும்.

ஒரு சனிக்கிழமை நள்ளிரவு, தண்ணீர் குடிக்க எழுந்தபோது போனில் ஒரு குறுஞ்செய்தி. 1 டாலர் செலவழித்திருக்கிறீர்களாம். கடையின் பெயர் எழுத்துக்கூட்டிப் படித்தும் வாயில் நுழையவில்லை. தொண்ணூறு ரூபாய் சமாச்சாரம்தானே, காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் இன்னும் இரண்டு செய்திகள்: 219 டாலர், 248 டாலர். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் சில்லறையாகத் தட்டிப் பார்ப்பார்களாம். அந்த 1 டாலர் வந்தபோதே கார்டை முடக்கியிருந்தால் மற்ற இரண்டும் போயிருக்காது. தூக்கம்தான் பெரிதாகப் பட்டது.

வங்கியின் உதவி எண்ணில் பேசிய பெண், இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகாரை எழுதிக்கொண்டவர், எதிர்வீட்டுக்காரர், என் மருமகன் என எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஓடிபி சொன்னீங்களா சார்?" இல்லை என்றால் யாரும் நம்புவதாக இல்லை. பறிகொடுத்தவனையே 'கதவைத் திறந்து போட்டீரா?' என்று விசாரிக்கிற கணக்கு.

விஷயம் இதுதான். நம் நாட்டு இணையக் கடைகளில் கார்டு எண்ணோடு இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கியது. ஓடிபி அப்படி வந்ததுதான். வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. கார்டின் 16 இலக்க எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி இருந்தால் போதும். சில தளங்கள் சிவிவியைக்கூடக் கேட்பதில்லை.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா? கூடாது என்றுதான் 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டு, அந்த அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையில் தேய்க்கவும் மட்டுமே வேலை செய்யும். இணையம், வெளிநாடு, இயந்திரத்தில் செருகாமல் மேலே தட்டிப் பணம் கட்டுவது எல்லாம் மூடியே இருக்கும். வேண்டியவர் திறந்துகொள்ள வேண்டும். வங்கியின் செயலியிலேயே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்சும் உச்சவரம்பும் உண்டு. என் மகளின் தேர்வுக் கட்டணத்தை டாலரில் கட்டுவதற்காக வெளிநாட்டு இணையச் சுவிட்சைத் திறந்தவன் நான்தான். பதினான்கு மாதம் அது திறந்தே கிடந்தது.

கார்டு விவரம் எங்கே கசிந்தது என்று இன்றுவரை தெரியாது. சந்தேகப்பட இடம் நிறைய. பிரவுசிங் சென்டர் பையனிடம் கார்டைக் கொடுத்து, "நீயே கட்டிடுப்பா" என்று நாளிதழ் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் உண்டு. இப்போது சிவிவியை வீட்டில் குறித்து வைத்துவிட்டு, கார்டில் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை கிளைக்குப் போனேன். ஒரு படிவத்தை நீட்டி, "முடிய தொண்ணூறு நாள் ஆகும் சார்" என்றார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையை மருமகன் அச்சடித்துக் கொடுத்திருந்தார். தவறு வங்கி மீதும் இல்லை, நம் மீதும் இல்லை என்றால், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் கிடையாது. அந்தத் தொகையைப் பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தொண்ணூறு நாள் என்பது இறுதி முடிவுக்கான கெடு. அதைக் காட்டியதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஒன்பதாவது வேலை நாளில் பணம் வரவானது.

நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு பங்கு நம் தலையில் விழும். அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படிதான். ஓடிபியோ பின் எண்ணோ நாமே சொல்லிவிட்டிருந்தால், புகார் செய்யும் வரை போனது முழுக்க நம் நஷ்டம். எல்லோரும் அந்த ஒரே கேள்வியைக் கேட்பதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் உறைத்தது. வங்கி கேட்கும்போது அது குசலம் விசாரிப்பதில்லை; நஷ்டம் யாருக்கு என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. நம் மீது தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே பதற்றத்தில் 'சொல்லியிருப்பேனோ என்னவோ' என்று உளறாமல், நடந்ததை நடந்தபடி சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்வது நல்லது.

என் வங்கிக்கு ஒரு கோரிக்கை எழுதியிருக்கிறேன்: வெளிநாட்டுச் சுவிட்சைத் திறந்தால் ஒரு வாரத்தில் அது தானாக மூடிக்கொள்ளட்டும். பதில் இல்லை. உங்கள் இதழாவது அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஒரு பெட்டிச் செய்தி போடலாம்.

எதிர்வீட்டுக்காரரின் போனை வாங்கிப் பார்த்தேன். வெளிநாட்டு இணையச் சுவிட்ச் திறந்திருந்தது, உச்சவரம்பு இரண்டு லட்சம். "நான் கொழும்புக்குக்கூடப் போனதில்லையே சார்" என்றார். கார்டு வந்த அன்றைக்கு, அதை விற்ற பையன் 'எல்லாம் ஆன் பண்ணிட்டேன்' என்று கொடுத்துவிட்டுப் போனானாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பாளையங்கோட்டை.