சிரிக்க இடம் விட்டால்தானே சிரிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் உங்கள் திரை விமர்சகர் சமீபத்திய நகைச்சுவைப் படங்களைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தார். ‘மதகஜராஜா’ 12 வருஷம் பெட்டியில் கிடந்து ஊசிப்போன பண்டமாம். ஜனங்கள் சிரித்தது பழைய ஞாபகத்துக்காகத்தானாம். மற்றபடி இன்றைய ரசிகனுக்குச் சிரிப்பே வற்றிவிட்டதாம்.

நான் கும்பகோணத்தில் ஒரு தியேட்டரில் 1978 முதல் 31 வருஷம் ஆபரேட்டராக இருந்தவன். இப்போது அந்த இடம் கல்யாண மண்டபம். ஆபரேட்டர் படத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இரண்டையும் நெருக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கண் அதில்தான் இருக்கும். காது மட்டும் சுவரில் இருக்கிற சின்ன ஓட்டைப் பக்கம். எத்தனையாவது ரீலில் தரை டிக்கெட் சிரிக்கும், எங்கே பெண்கள் பக்கம் முதலில் கிளம்பும் என்பதெல்லாம் மூன்றாம் நாளே மனப்பாடம். குறுவை அறுத்துக் கையில் காசு புழங்குகிற வாரத்தில் அதே இடத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பில் அடுத்த வசனம் முழுகிப்போகும். அந்தக் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்கிற இடத்தைப் பாருங்கள். அவர் நிறுத்துகிறபோதெல்லாம் பாலையாவின் முகம் வரும். பயந்து விழிக்கிறாரே தவிர, பெரிதாக வசனம் கிடையாது. நாங்கள் சிரித்து முடிக்கக் கொடுத்த நேரம் அது. ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியில் வேறு மாதிரி. செந்தில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வார். முதல் தடவை சொன்னது பாதி ஹாலுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் என்ன, மறுபடி வருமே! 1989இல் அந்த ரீல் ஓடும்போது நான் சவுண்டைக் கொஞ்சம் ஏற்றிவைப்பேன். ஏற்றியும் ஒரு பிரயோஜனமும் இல்லை, சிரிப்புத்தான் ஜெயிக்கும்.

இப்போது வருகிற படங்கள் பலவற்றில் ஒரு கவுண்டர் வசனம் முடியுமுன் அடுத்தது வந்து விழுகிறது. இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் போனில் பார்க்கிறவனுக்கென்று வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. ஹாலில் முதல் வரிக்குச் சிரித்தவன் இரண்டாவதைத் தவறவிடுகிறான். மூன்றாவதையாவது கேட்டுத் தொலைப்போம் என்று வாயை மூடிக்கொள்கிறான். விமர்சகர் கண்ட வறட்சி இதுதான் என்று நினைக்கிறேன்.

‘மதகஜராஜா’வுக்கு 2025 பொங்கலில் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். கதை என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் மனோபாலா வருகிற அந்த நீளக் காட்சியில் பையன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பக்கத்து சீட்டு அம்மாள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அவனுக்குப் பத்து வயது. படம் எடுத்தபோது பிறந்தே இருக்கவில்லை. அவனுக்கு ஏது பழைய ஞாபகம்? மனோபாலா 2023இலேயே போய்விட்டார், அந்தச் சத்தத்தைக் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

விமர்சகர் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைப் பாராட்டியதில் எனக்குச் சண்டை இல்லை. இலங்கைத் தமிழ் வாயில் வந்துவிடக் கூடாதே என்று ஒரு குடும்பம் தவிப்பதில் வருகிற சிரிப்பு நல்ல சிரிப்பு. உருவத்தைக் கேலி செய்வதை அவர் கண்டித்ததும் சரி. எங்கள் தியேட்டர் கேட்டில் டிக்கெட் கிழித்த ஒல்லிப் பையனை ஊரே ‘ஓமக்குச்சி’ என்றுதான் கூப்பிட்டது, நானும்தான். கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதுதான் அவன் பெயரே எனக்குத் தெரிந்தது. ஏழு வருஷம் கழித்து.

விமர்சகருக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகையாளர் காட்சியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற நாற்பது பேருக்கு நடுவே நகைச்சுவைப் படம் பார்க்காதீர்கள். ஞாயிறு மேட்னிக்குக் கும்பகோணம் வாருங்கள், டிக்கெட் என் செலவு.

அப்புறம் ஒரு திருத்தம். வாழைப்பழக் காட்சியை ஏதோ கவுண்டமணியும் செந்திலும் அங்கேயே பேசி அமைத்ததுபோல எழுதியிருக்கிறார். அந்த நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.