ஒரு கோடு, இரண்டு எழுத்து, தேதி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? நீங்கள் ஏதாவது கேட்டு நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. அதனால் எழுதியே அனுப்பிவிடுகிறேன். எழுத்தில் வந்தால்தான் நீங்கள் நம்புவீர்கள் என்பதும் ஒரு காரணம்.

நான் இங்கிலாந்தில் மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறாளாம். பெரியம்மாவோ என் கையில்தான் ஊசி போட்டுச் சோதிக்கிறார்கள் என்று நினைத்து அழுதார்களாம். இரண்டும் இல்லை. நான் ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் குமாஸ்தா. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'கிளினிக்கல் ட்ரையல்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று நீளமாகப் போட்டிருக்கும், அவ்வளவுதான். நீங்கள் ரெக்கார்டு ரூமில் முப்பது வருடம் பார்த்த வேலையை நான் குளிரில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

புது மருந்து ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மருந்து எழுதுவது டாக்டர். ரத்தம் எடுப்பது நர்ஸ். அந்த ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எடுத்தவருக்கு அந்த வேலை ஒப்படைக்கப்பட்டிருந்ததா, அவருடைய பயிற்சிச் சான்றிதழ் கோப்பில் இருக்கிறதா, மருந்து வைத்திருந்த ஃபிரிட்ஜ் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவிலேயே இருந்ததா, இதற்கெல்லாம் தாள் இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று அர்த்தம். அந்தத் தாள்களுக்கு நான்தான் பொறுப்பு. கம்ப்யூட்டரில் பாதி, அலமாரியில் பாதி.

சேர்ந்த முதல் வாரம் ஒரு படிவத்தில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டு, நம் வழக்கப்படி வெள்ளை மை தேடினேன். பக்கத்து மேஜைக்காரி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். இங்கே எதையும் அழிக்கக் கூடாது, அடித்து மறைக்கவும் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அதுவும் அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதி, இனிஷியல் போட்டு, அன்றைய தேதி போட வேண்டும். என்னுடைய இனிஷியல் இரண்டு எழுத்து. முதல் எழுத்து உங்கள் பெயர். நான் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஆய்வில் சேருகிறவர்களுக்கு முதலில் விளக்கத்தாள் கொடுப்பார்கள். மருந்து என்ன, என்ன தொந்தரவு வரலாம், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். படித்து, டாக்டரிடம் கேட்டுத் தெளிந்த பிறகுதான் சம்மதப் படிவத்தில் கையெழுத்து. நடுவில் புதிதாக ஒரு பக்கவிளைவு தெரியவந்தால் விளக்கத்தாளை மாற்றி, நோயாளிகளுக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வாங்கி, புதுப் பதிப்பு எண் போட்டுக் கொண்டுவருவார்கள். பழையதை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டியது என் வேலை. அலமாரியைக் காலி செய்தேன். நோயாளிகளைப் பார்க்கும் அறையின் மேஜை இழுப்பறையில் நாலைந்து பிரதிகள் கிடந்தது தெரியாமல் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, மருந்துக் கம்பெனி அனுப்பும் மானிட்டர் வந்தார். இவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். நம் ஆடிட்காரர்கள் மாதிரிதான், ஆனால் டீ கொடுத்துச் சமாளிக்க முடியாது. ஒரு சம்மதப் படிவத்தில் விரலை வைத்து, "இது எந்தப் பதிப்பு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் காது சுட்டது. புதுப் பதிப்பு வந்த பிறகு சேர்ந்த ஒரு அம்மாள், பழைய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். புதுப் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி, பழைய தேதியையே போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. இங்கே அதற்குப் பெயர் மோசடி. வேலை போவது ஒருபுறம், அந்த ஒரு தேதியால் மற்ற எல்லாத் தேதியின் மேலும் சந்தேகம் வரும். விதிமீறல் என்று எழுதி அனுப்பினோம். அந்த அம்மாளுக்கு நான்தான் போன் செய்தேன். எழுபது வயது இருக்கும், இரண்டு பஸ் மாறி வந்தார். வெறும் கையெழுத்துதானே, போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து முழுவதையும் படித்தார். புதிதாகச் சேர்த்த பத்தியில் விரல் நின்றது. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே" என்றார். மன்னிப்புக் கேட்டேன். இப்போது இழுப்பறைகளை வாரம் ஒருமுறை நானே திறந்து பார்க்கிறேன்.

நம் வீட்டில் 'சீரியஸ்' என்று போன் வந்தால் வண்டி பிடித்துக் கிளம்புவோம் இல்லையா? இங்கே அந்த வார்த்தைக்கு இலக்கணமே வேறு. ஆய்வில் இருக்கிறவர் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அது சீரியஸ். மருந்துக்கும் படிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மருந்தால் தலைசுற்றி விழுந்திருந்தால்? அதை டாக்டர் முடிவு செய்வார். எங்களுக்குத் தெரிந்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்துகிறவர்களுக்குத் தகவல் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

போனில் அடிக்கடி கேட்பார்கள், "எனக்கு நிஜ மருந்தா, வெறும் மாத்திரையா?" என்று. எனக்குத் தெரியாது. எங்கள் ஆய்வில் டாக்டருக்கும் தெரியாது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிற மாதிரி முடிவு செய்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியத்தை உடைத்துப் பார்க்க வழி இருக்கிறது.

இந்தக் குலுக்கலுக்கு ஒரு கதை உண்டு. ரெக்கார்டு ரூம்காரரான உங்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்திருந்தது. இந்த நாட்டுக்குக் கிடைத்ததோ கொஞ்சம்தான், எல்லாருக்கும் போதாது. அதனால் பாதிப் பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், மீதிப் பேருக்கு ஓய்வு மட்டும் என்று பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை, பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர், எண் போட்டு ஒட்டிய உறைகளுக்குள் வைத்தார். நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். பிரிப்பது டாக்டர் இல்லை, தலைமை அலுவலகம்! தெரிந்தவர், பாவப்பட்டவர் என்று டாக்டர் மனம் சாய இடமே இல்லை. 1948-இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில், மருந்து கிடைத்த 55 பேரில் இறந்தவர்கள் 4. கிடைக்காத 52 பேரில் 14. ஆனால் அந்த 52 பேருக்குத் தாங்கள் ஒரு ஆய்வில் இருப்பதே தெரியாது, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆய்வில் சேருகிறவருக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம் வந்ததே 1964-இல்தான். அந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்கு இழுப்பறை ஞாபகம் வந்தது.

மற்றபடி என்ன எழுத? குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இவர்கள் பேசுவது நேரில் புரிகிறது, போனில் இன்னும் பாதிதான். "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க முன்பு கூச்சப்படுவேன், இப்போது மூன்று முறைகூடக் கேட்கிறேன். தேதியைத் தப்பாகக் குறிப்பதைவிட அது மேல். வாரநாட்களில் ஆள் முகம் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

எங்கள் ஆய்வு ஐரோப்பிய யூனியன் நாடுகளிலும் நடக்கிறது. அங்கே முடிந்த ஆய்வின் தாள்களை 25 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம், அதனால் எங்கள் பெட்டிகளுக்கும் அதே கணக்கு. போன வாரம் முடிந்த ஒன்றை 11 பெட்டியில் கட்டி லேபிள் ஒட்டினேன். கயிறு இல்லை, சிவப்பு நாடாவும் இல்லை. நீங்கள் பார்த்தால் முகம் சுளிப்பீர்கள்.

உங்கள் சர்க்கரைக்கு டாக்டர் மாத்திரையை மாற்றினார் என்று அம்மா சொன்னாள். எந்தத் தேதியிலிருந்து, பழைய மாத்திரையின் பெயர் என்ன என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய சீட்டையும் கிழித்துப் போடாமல் வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்