இஃபுகாவ் வயல்களுக்கு மேலே உள்ள காடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் இஃபுகாவ் மலைவயல்கள் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை பனாவே ஊரின் காட்சிமுனையோடு நின்றுவிட்டதே என்ற வருத்தம் எனக்கு. 1995-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை படாட், பாங்கான், மயோயாவ், ஹுங்டுவான், நாககடான் என்ற ஐந்து இடங்களின் வயல்கள்தான். காட்சிமுனையிலிருந்து தெரியும் புகழ்பெற்ற வயல்கள் அதில் இல்லை.

மணிலாவிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் சிரமப்பட்டுப் படாட் வரை போகவேண்டும். ஜீப்னி என்ற உள்ளூர் சிறு பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்துதான் இறங்கவேண்டும். நானும் அப்படித்தான் இறங்கினேன். மலைச்சரிவு அரைவட்டமாக வளைந்து நிற்க, அதன் மேலிருந்து கீழ்வரை கல் அடுக்கிக் கட்டிய வயல்கள். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது வயலுக்கும் மேலே இருக்கும் காட்டை. முயோங் என்கிறார்கள். குடும்பங்கள் வழிவழியாகக் காத்துவரும் காடு அது. மழைநீரைப் பிடித்து வைத்து, ஊற்றாகவும் ஓடையாகவும் வயலுக்கு அனுப்புவது அந்தக் காடுதான். அது போனால் கீழே நாற்று நட முடியாது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வயல்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று கட்டுரையாளர் உறுதியாக எழுதியிருக்கிறார். பழைய கணிப்பு அது. ஸ்டீபன் அகபாடோ என்ற தொல்லியலாளரின் அகழாய்வுகள், இங்கே நீர் தேக்கி நெல் பயிரிடுவது ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்புதான் பரவியது என்று காட்டுகின்றன. ஸ்பானியர் சமவெளிக்குள் வந்தபோது மலைக்கு விலகிய மக்கள், சில தலைமுறைகளுக்குள் இவ்வளவையும் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வியப்பாகப் படுகிறது.

இன்றைய நிலைமைதான் கவலை தருகிறது. தினாவோன் என்ற பாரம்பரிய நெல் அங்கே ஆண்டுக்கு ஒரு போகம்தான். அதை நம்பி மட்டும் குடும்பம் நடத்த முடியாது என்று இளைஞர்கள் பாகியோ, மணிலா என்று வேலை தேடிப் போய்விடுகிறார்கள். கவனிக்க ஆளில்லாமல் ஒரு சுவர் சரிந்தால் அதற்குக் கீழே உள்ள வயலுக்கும் ஆபத்து. 2001-ல் இந்த இடம் ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலுக்குப் போனது. 2012-ல்தான் வெளியே வந்தது. அறுவடையிலும் துக்க வீட்டிலும் முதிய பெண்கள் பாடும் ஹுட்ஹுட் பாட்டுக்கும் இதே கதிதான். வயலில் ஆளில்லை என்றால் யாருக்குப் பாடுவது?

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்சிமுனையில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவரின் காசு, சுவரைத் தூக்கிக் கட்டுகிறவர் கைக்குப் போவதில்லை. ஊருக்குள் வீடுகளில் தங்குங்கள். உள்ளூர் வழிகாட்டியோடு நடங்கள். அவர்கள் விளைவித்த அரிசியை வாங்குங்கள். குறுகிய வரப்பில் படத்துக்காக ஏறி நின்று கல்லைப் பெயர்க்காதீர்கள். பாரம்பரிய உடையில் நிற்கும் முதியவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்தால் பணம் கொடுங்கள். அவர்களுக்கு அதுவும் ஒரு வருமானம்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது பருவத்தையும் சேர்த்துப் போடுங்கள். படாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் வயல் பச்சையாக இருக்கும். அறுவடை ஜூன், ஜூலையை ஒட்டி வரும். அறுவடை நேரத்தில் போகிறவர்களுக்கு வயலோடு அதில் பாடுபடும் மனிதர்களையும் பார்க்கக் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி