உன் இடுப்பில் எது இருக்கட்டும்?

கம்மவான்பேட்டை,
வேலூர்.

அன்புள்ள கண்ணு,

நைனா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சைக் கிணற்று மோட்டார் பக்கம் திருப்பிவிட்டேன் என்று வருத்தப்பட்டிருப்பாய். யார் எந்த ஆயுதம் தூக்குகிறார்கள் என்பதெல்லாம் போனில் பேசுகிற பேச்சில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் இடம், வேலை எதையும் இதில் எழுதவில்லை. பதிலில் நீயும் எழுதாதே.

நீ கேட்டது இதுதான். வீட்டுக்குள்ளே, பத்தடி இருபதடிக்குள் நடக்கிற சண்டையில் கையிலிருக்கும் ரைஃபிள் நின்றுவிட்டால் அடுத்து எது? பிஸ்டல் கேட்டு வாங்குவதா, அந்த எடைக்கு ரைஃபிள் குண்டு நிரப்பிய மேகசின் இரண்டு கூட வைத்துக்கொள்வதா, உன்னோடு பெல்காமில் கமாண்டோ கோர்ஸ் முடித்த பையன் மாதிரி ஆன்லைனில் நல்ல கத்தி ஒன்று வாங்குவதா?

என் கதை ஒன்று உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் தெரியாது. 1997 குளிர்காலம், காஷ்மீரில் குப்வாரா பக்கம் ஒரு கிராமம். அங்கே வீடுகள் எப்படியென்று உனக்குத் தெரியும். கீழே மாடுகள், மேலே போக மர ஏணி, அதற்கும் மேலே வைக்கோல். நான் முன்னால், என் ஜோடிச் சிப்பாய் பின்னால். அவன் திருநெல்வேலிக்காரன். மேலே ஆள் அசைந்தது. சுட்டேன். ஒரு குண்டு போனது. இரண்டாவதுக்கு 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கனத்த கையுறையோடு இருட்டில் மாட்டிய மேகசின் சரியாகப் பூட்டவில்லை. பிழை முழுக்க என்னுடையது. மாட்டியதும் கீழ்ப்பக்கம் ஒரு இழு இழுத்துப் பார்த்திருந்தால் கையோடு வந்திருக்கும்.

அந்த நேரத்தில் என் கை என்ன செய்தது தெரியுமா? மறுபடியும் அதே டிரிகரை அழுத்தியது. அப்புறம் மேகசின் பவுச்சைத் தேடியது. பித்தான் கையுறையில் அகப்படவில்லை. என் ஜோடி தோளைப் பிடித்து என்னைச் சுவரோடு தள்ளிவிட்டுத் தலைக்கு மேலே சுட்டான். காது ரெண்டு நாள் அடைத்தே இருந்தது.

ராத்திரி பெல்ட்டைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், இடுப்பில் கத்தி இருந்தது. லீவில் வந்தபோது என் சம்பளத்தில் வாங்கி, தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த கத்தி. ஏணியில் நின்ற அந்த நேரத்தில் அப்படி ஒன்று என்னிடம் இருப்பதே ஞாபகம் வரவில்லை. கையுறையைக் கழற்றாமல் உருவிப் பழகவே இல்லையே, எப்படி வரும்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பீச்சாங்கைக்காரன். சின்ன வயதில் உன் பாட்டி சோற்றுக் கையை மாற்றிவிட்டாள், எழுதும் கையை மாற்ற முடியவில்லை, சுடும் கையும் அதுவாகவே நின்றுவிட்டது. இதைத்தான் முதலில் யோசி. கோத்தில், அதாவது யூனிட்டின் ஆயுத அறையில் இருக்கிற நம்ம ஈஷாப்பூர் 9 எம்.எம். 1ஏ பிஸ்டல் பழைய பிரவுனிங்கின் பிரதி. நல்ல பிஸ்டல், 13 ரவுண்டு. ஆனால் அதன் சேஃப்டி நெம்புகோல் இடப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது, வலது கைக்காரனின் கட்டைவிரலுக்காக வைத்தது. இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் வலப்பக்கம் போய்விடும். ஒன்று ஆள்காட்டி விரலை வளைத்துத் தள்ள வேண்டும், இல்லை இன்னொரு கையால் திறக்க வேண்டும். உஸ்தாத் சொல்லிக்கொடுப்பதெல்லாம் வலது கைக்குத்தான். இன்னொன்று, சுத்தியல் பின்னால் இழுபட்டிருந்தால்தான் அதில் முதல் குண்டு போகும். எந்த நிலையில் உறைக்குள் வைப்பது என்பதில் உன் யூனிட்டுக்கு ஒரு உத்தரவு இருக்கும். அந்த உத்தரவுப்படி வைத்தால் உருவிச் சுட எத்தனை அசைவு ஆகிறது என்று எண்ணிப் பார்.

ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் ஆட்கள் வைத்திருக்கும் க்ளாக் கிடைத்தால் உனக்கு நல்லது. தனியாக நெம்புகோல் இல்லை, எந்தக் கைக்கும் ஒன்றுதான், க்ளாக் 17 என்றால் 17 ரவுண்டு. ஆனால் டிரிகருக்குள்ளேயே சேஃப்டி இருப்பதால் விரலோ துணி நுனியோ உறைக்குள் சிக்கினால் உன் தொடைக்குத்தான் ஆபத்து. நல்ல கெட்டியான உறை கேள். உறையில் திருப்பி வைக்கும்போது அவசரமே வேண்டாம்.

பிஸ்டல், உறை, கூட ஒரு மேகசின் எல்லாம் சேர்த்தால் ஒன்றரைக் கிலோ பக்கம் வரும். கிட்டத்தட்ட அதே எடைக்கு ஏகே மேகசின் இரண்டு வரும், 60 ரவுண்டு. காட்டிலும் மேட்டிலும் நடக்கிற வேலை அதிகமென்றால் யோசிக்காமல் மேகசினை எடுத்துக்கொள். அங்கே ரைஃபிள் நின்றால் ஒரு பாறைக்குப் பின்னால் போய்ச் சரிசெய்ய நேரமும் இடமும் கிடைக்கும். வாசலில், ஏணியில், ரெண்டு கட்டிலுக்கு நடுவில் அது கிடைக்காது. பிஸ்டலின் வேலை அந்த இரண்டு வினாடிக்குத்தான். வலது கை ரைஃபிளை அதன் ஸ்லிங் வாரோடு கீழே இறக்கிவிட, இடது கை உருவ வேண்டும். அதற்கு ஸ்லிங்கின் நீளம் சரியாக இருக்க வேண்டும். தொங்கவிட்ட ரைஃபிள் முழங்காலில் இடிக்கிறதா, உறையை மறைக்கிறதா என்று ஜாக்கெட்டும் குண்டு துளைக்காத பிளேட்டும் போட்டுக்கொண்டு பார். வெறும் பனியனில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

கட்டிப்புரள்கிற தூரம் வந்துவிட்டால் இன்னொன்று ஞாபகம் வை. பிஸ்டல் வாயை எதிரி உடம்பில் அழுத்தாதே. அழுத்தினால் மேலே நகரும் பாகமான ஸ்லைடு பின்னால் போய்ப் பூட்டு விலகிவிடும், சுடாது. விலா எலும்போடு முழங்கையை ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு சாண் இடம் விட்டுச் சுடு. பிஸ்டலை உடம்போடு கட்டும் லேன்யார்டு கயிறும் மாட்டு. யூனிட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கையிலிருந்து பிடுங்கினால் தரையில் தேட வேண்டியிராது.

நமக்குக் கொடுப்பது முழு உலோக உறை போட்ட குண்டு. உடம்புக்குள் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாதென்று 1899-லேயே ஹேக் மாநாட்டில் எழுதிவைத்தார்கள். இந்தக் குண்டு பலகைச் சுவரைத் தாண்டிப் போகும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தாயும் பிள்ளையும் பாயில் ஒடுங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கையில் எது இருந்தாலும் குண்டு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துச் சுடு, கண்ணு. இதை உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

கத்தியைப் பற்றிக் கேட்டாய். வாங்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. கயிறு அறுக்க, அடிபட்டவன் சட்டையைக் கிழிக்க, டின் திறக்க தினமும் உதவும். மடக்குக் கத்தி வேண்டாம், விறைத்த விரலால் திறக்க முடியாது. சண்டைக்கென்று அதை நம்பாதே. கூர்க்காக்களுக்குக் குக்ரி இருக்கிறதே என்பாய். அவர்கள் பையன்கள் நடக்கத் தொடங்கியதிலிருந்து அதோடு விறகு வெட்டி வளர்ந்தவர்கள். நமக்கு அந்தப் பழக்கம் களத்து அரிவாளோடு சரி.

போன வாரம் பென்ஷன் வேலையாக வேலூர் போனேன். கோட்டை வாசலில் பஸ் தாமதமானதால் அகழி ஓரமாக உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1806 ஜூலை 10, விடியுமுன்னே நம்ம சிப்பாய்கள் வெள்ளைக்காரனின் 69-ஆவது படைப்பிரிவைத் தூக்கத்தில் பிடித்துக்கொண்ட கதை உனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.  மிஞ்சிய வெள்ளைக்காரர்களில் கொஞ்சம் பேர் மதில்மேல் ஏறிக்கொண்டார்கள், ரவுண்டு தீர்ந்துபோனது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறி அவர்களோடு சேர்ந்தான். வெறும் பயனெட்டை வைத்துக்கொண்டு அவர்களை முன்னால் நடத்தினான், பின்னால் பீரங்கி வந்து வாசலை உடைக்கும்வரை. நம்ம ஆட்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். எனக்கு அந்த மதிலைப் பார்த்தாலே வயிறு எரியும். ஆனாலும் ஒரு சிப்பாயாகப் பார்க்கும்போது, ரவுண்டு தீர்ந்தபின் மதில்மேல் இருந்தவன் கையில் நின்றது தினமும் டிரில்லில் பழகிய பயனெட் என்பதும் தெரிகிறது.

கார்கிலில் சஞ்சய் குமாரை எடுத்துக்கொள். 1999 ஜூலை 4, ஃப்ளாட் டாப். மார்பிலும் கையிலும் குண்டு பட்டு ரத்தம் கொட்டுகிறது. எதிரி பங்கரில் பாய்ந்து கைகலப்பில் ஆட்களை வீழ்த்தினார். அவர்கள் விட்டுப்போன மெஷின்கன்னையே எடுத்து ஓடியவர்கள்மேல் சுட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். எதிரியின் ஆயுதத்தை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சேஃப்டி எடுப்பது என்று ட்ரெயினிங்கில் காட்டுவார்களே, அந்தப் பீரியடில் தூங்காதே.

கல்வானில் 2020 ஜூன் 15 அன்று ஒரு குண்டும் சுடவில்லை. எல்லைக் கோட்டுப் பக்கம் சுடக் கூடாதென்று சீனாவோடு 1996-லேயே ஒப்பந்தம். எதிரில் வந்தவன் ஆணி அடித்த கட்டையோடு வந்தான். இருபது பேர் போனார்கள். அதில் நம்ம ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். செய்தி வந்த அன்று ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் மந்தையில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு இடத்தில் பிஸ்டலும் உதவாது, மேகசினும் உதவாது. மூச்சு பிடிக்கிற நெஞ்சும், பக்கத்தில் நிற்கிறவனும்தான். அதனால் ஓட்டத்தையும் மல்யுத்தத்தையும் விடாதே.

இப்போது என் தீர்மானத்தைச் சொல்லிவிடுகிறேன். யூனிட் உனக்குப் பிஸ்டல் கொடுத்து, பழகுவதற்கு நேரமும் ரவுண்டும் கொடுத்தால், வாங்கிக்கொள். தினமும் ராத்திரி பிஸ்டலின் குண்டு அறையைத் துப்புரவாகச் சோதித்து, ரவுண்டு ஒன்றும் இல்லையென்று ஜோடியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு, ஐம்பது தடவை உருவு. கையுறையோடு இருபத்தைந்து. உட்கார்ந்து, மல்லாந்து படுத்து, வலது கையாலும் கொஞ்சம். மூன்று மாதம் அப்படிச் செய்ய முடியாதென்றால் வேண்டாம், இரண்டு மேகசினை வாங்கிப் போட்டுக்கொள். யாரோ வைத்திருக்கிறான் என்று மட்டும் எதையும் மாட்டாதே. பித்தான் பவுச் இன்னும் கொடுக்கிறார்களா? கொடுத்தால் மாற்றிக்கொள். மேகசினைப் பூட்டியதும் இழுத்துப் பார்.

உன் ஜோடி யார் என்று இதுவரை நீ சொல்லவில்லை. பெயர் வேண்டாம். எந்த ஊர், என்ன சாப்பிடுவான், அவன் வீட்டில் யார் யார், அதை எழுது. அவன் ரைஃபிள் நின்றால் நீ எந்தப் பக்கம் போவாய், உன்னுடையது நின்றால் அவன் எந்தப் பக்கம் வருவான் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே பேசுங்கள். என்னைத் தள்ளிவிட்டவன் இன்னும் பொங்கலுக்குப் போன் பண்ணுகிறான். நான் எடுத்ததும் "மேகசின் மாட்டிட்டீங்களா அண்ணே" என்பான்.

நான் இப்போதும் வங்கி வாசலில்தான் நிற்கிறேன். இரட்டைக்குழல், இரண்டு தோட்டா. காலையில் டூட்டி மாறும்போது மடக்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டூலில் உட்காருகிறேன்.

அம்மா இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் வாங்கும்போதெல்லாம் நீ இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், பக்கத்துத் தெருப் பையன் லீவு முடிந்து போகும்போது கொடுத்தனுப்புகிறேன். மேலே சொன்ன குப்வாரா கதையை அவளிடம் வாய்தவறியும் சொல்லிவிடாதே. லீவு சேங்ஷன் ஆனதும் ரயில் பெயரை மட்டும் சொல். காட்பாடிக்கு ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன்.

உன்
நைனா