தெற்கு சூடானுக்குப் போகும் மகனுக்கு

சிரஞ்சீவி செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். தெற்கு சூடானுக்கு ஐ.நா. படையில் போக உன் பெயர் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் எனக்குப் பேச்சே வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ என்ன நினைத்தாயோ, அதனால்தான் இந்தக் கடிதம்.

1987 ஆகஸ்டில் இந்திய அமைதிப் படையோடு இலங்கையில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துப் பலாலி விமானத் தளத்தில் இறங்கியபோது எனக்கு 24 வயது. அதற்கு முந்தின மாதம் 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். புலிகள் ஆயுதங்களை ஒப்படைப்பார்கள், நாம் நடுவில் நின்றால் போதும் என்றார்கள். புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை என்பது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஊர் சனம் மாலை போட்டு வரவேற்றது. எங்கள் செக்போஸ்டுக்கு எதிர்வீட்டு ஆச்சி, நான் தமிழ் பேசுவதைக் கேட்டதிலிருந்து தினமும் செம்பில் மோர் கொண்டுவருவார். "குடியுங்கோ தம்பி, நல்ல வெயில்" என்பார்.

இந்தியாவிடம் கோரிக்கைகள் வைத்து நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த புலிகளின் திலீபன் செப்டம்பர் 26-ல் இறந்தார். மறுநாள் மோர் வரவில்லை. படலை சாத்தியே கிடந்தது. அது மேலதிகாரியிடம் சொல்லவேண்டிய செய்தி என்று எனக்கு உறைக்கவில்லை. இரண்டு வாரத்தில் சண்டை தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய வீரர்கள் 30 பேரில் 29 பேர் ஒரே சண்டையில் போய்விட்டார்கள். தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் அதே சீருடைதானே போட்டிருந்தேன்? அப்புறம் அந்த ஆச்சியின் வீட்டுப் பக்கம் தலைநிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை.

எங்களை அழைத்த கொழும்பே, பிரேமதாசா அதிபராக வந்ததும், போகச் சொன்னது. 1990 மார்ச்சில் திரும்பினோம். நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல் திரும்பவில்லை.

உன் நிலைமை வேறு, தெரியும். நீலத் தொப்பி, ஐ.நா. கொடி. ஆனாலும் 2013 ஏப்ரலில் தெற்கு சூடானின் ஜோங்லே மாநிலத்தில் நம் வீரர்கள் 5 பேரைப் பதுங்கியிருந்து சுட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் அங்கே அகோபோ ஐ.நா. முகாமில் தஞ்சம் புகுந்த டிங்கா இன மக்களைக் கொல்ல வந்த கும்பல் நம் ஆட்கள் 2 பேரையும் கொன்றது. அடைக்கலம் கொடுத்தாலே நீ ஒரு பக்கம் சேர்ந்தவன் என்றுதான் எதிர்ப்பக்கத்துக்காரன் நினைப்பான். அதற்காக அடைக்கலம் கொடுக்காமல் இருந்துவிடாதே.

போனதும் அந்த ஊர் அரபியில் நாலு வார்த்தை கற்றுக்கொள். தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் ஒருநாள் வராவிட்டால், தினமும் கையசைக்கும் பிள்ளைகள் ஒதுங்கிப் போனால், அன்றைக்கே உன் அதிகாரியிடம் சொல். அவர் அலட்சியம் செய்தால் மறுபடியும் சொல்.

கிளம்பும் முன் லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. போனில் பேச முடியாததை நேரில் பேசுகிறேன்.

உன் அப்பா